ஆறாம் வேற்றுமை

செவ்வாய், வியாழன், மாலை ஐந்தரை.
மன்னார்குடிக் கல்லூரியின் தாவரவியல் கூடத்தில்
ரஷ்யன், இரண்டாம் நிலை.
ஃபார்மலின் குப்பிகளில் ஊறும் வேர்களுக்கு முன்னால்
ஆறு பேர். மழை நாளில் நான்கு.

பிரெஞ்சுக்கு இடம் இல்லை என்றார்கள்,
ஜெர்மனுக்கு என்னிடம் காசு இல்லை.
ஏன் ரஷ்யன் என்று கேட்பவர்களுக்கு இந்தப் பதில்.
உண்மை வேறு:
முதல் நிலையில் நாற்பத்தொரு மதிப்பெண்,
விட மனம் வரவில்லை.

பகலில் நான் தற்காலிக லஸ்கர்.
கோரையாற்றுக் கிளையில் மூன்று மதகு,
ஒரு சாவி, கிரீஸ் டப்பா, அடிக்கணக்கு எழுதும் நோட்டு.
விரலிடுக்கில் கிரீஸ் போகாது.
என் பாடப்புத்தகத்தில் பக்கம் புரட்டும் மூலையெல்லாம் கறுப்பு.

ஃபர்ஹானா மேடத்துக்கு என்னைவிட மூன்று வயது குறைவு.
கூத்தாநல்லூர். வரோனெஷில் மருத்துவம், மூன்று வருடம்.
நான்காவது வருடத்தைப் பற்றி
நாங்கள் கேட்டதில்லை.

எல்லோரையும் பயமுறுத்திய ஓர் உயிரெழுத்து உண்டு,
வயிற்றில் குத்து வாங்கியவன் முனகுவது போல.
"பாட்டுன்னு சொல்லுங்க. காசுன்னு சொல்லுங்க.
முடியிற இடத்துல அப்படியே நில்லுங்க. அதேதான்."
எட்டாம் வகுப்பில் அடிவாங்கிப் படித்த குற்றியலுகரம்
பனிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறதென்று
யார் கண்டது.

'இது வீடு' என்றால் அங்கேயும் இது, வீடு, அவ்வளவுதான்.
'என்னிடம் இருக்கிறது' என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள்.
அதுவரை சொந்தக்காரர்கள் போலத்தான் இருந்தது.

பதினான்காம் பயிற்சி: இல்லை.
இல்லாத பொருள் அந்த மொழியில் முழுசாக நிற்காது.
தண்ணீர், வதா.
தண்ணீர் இல்லை என்றால் வதா இளைத்து
அந்த முனகல் உகரத்தில் முடிகிறது: நியெத் வது.
தண்ணீருடைய இல்லாமை.
புத்தகம் இதை இரண்டாம் வேற்றுமை என்கிறது.
நம் கணக்கில் ஆறு.

ஊரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்.
எங்கள் ஊரில் மெட்ரோ இல்லை, ஞானசெல்வம் எழுதினான்.
பனி இல்லை, இது வேம்பு.
வாய்க்காலில் தண்ணீர் இல்லை என்று எழுதினேன்.
பிழை ஒன்றுமில்லை. சிவப்பு டிக் போட்டவர்
பேனாவை எடுக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார்.
மை பரவிவிட்டது.

அப்புறம் வந்தன 'போ' வினைகள்.
நடந்து போனால் ஒன்று, வண்டியில் போனால் ஒன்று.
போய்த் திரும்பியவளுக்கு ஒன்று,
போய் அங்கேயே இருப்பவளுக்கு வேறொன்று.
பலகையில் எழுதிக் காட்டினார்:
நான் வரோனெஷுக்கு பயேஹலா.
வேம்புதான் கையைத் தூக்கியது.
"மேடம், அப்ப நீங்க இன்னும் அங்கதானே இருக்கணும்?"

மின்விசிறி. ஃபார்மலின் வாசனை.
அவர் சிரித்தார், டஸ்டரைத் தேடினார்,
அது கையில்தான் இருந்தது.
யெஸ்திலா என்று திருத்தினார்.
இரண்டுக்கும் கடைசி எழுத்து ஒன்றே.
அதை மட்டும் அழிக்கவில்லை.

மேட்டூர் திறந்து பதினேழாம் நாள்,
இரவு ஒன்றே முக்கால்.
முதலில் நுரை, ஒற்றைச் செருப்பு, தெர்மாகோல்,
அதன் பின்னால் சத்தம்.
நடு மதகின் திருகு பாதியில் சிக்கிக்கொண்டது.
உதைத்துக்கொண்டிருக்கும்போது போன்.
தில்லைவிளாகம் பக்கத்திலிருந்து யாரோ:
"தம்பி, தண்ணி வந்துச்சா?"

வந்ததற்கு அங்கே இரண்டு சொல்.
வந்து நின்றால் ப்ரிஷ்லா,
வந்துவிட்டுப் போனால் ப்ரிஹதீலா.
எது என்று எனக்கே தெரியாமல்
"வந்துகிட்டிருக்கு" என்றேன்.
"அதத்தான் போன வருசமும் சொன்னே"
என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு.
என்ன புதுசு என்று ரஷ்யனில் கேட்டார்.
ஆற்றில் தண்ணீர், என்றேன்.
வினை போடவில்லை. போடாமலும்
அந்த மொழியில் வாக்கியம் நிற்கும்.

மதிப்பெண் தாளைத் தள்ளி வைத்துவிட்டு
தமிழில் கேட்டார்,
"எத்தனை அடி?"